மொரிஸ் மைனரின் கால்

ரம்பொடை வளைவுகளில் மொரிஸ் மைனர் ஓட்டுகிறவர்கள் பிரேக்கை நினைத்துத்தான் பயப்படுவார்கள். எனக்குப் பயமெல்லாம் அதன் காலை நினைத்து.

முன்சக்கரத்தைப் பிடித்து நிற்கும் செங்குத்தான இரும்புத் தண்டைத்தான் கால் என்கிறேன். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தக் காரில், அந்தத் தண்டின் இரு முனைகளிலும் புரி வெட்டியிருக்கும். மேலும் கீழும் டிரனியன் என்ற துண்டுகள் அதில் நட்டைப் போல ஏறியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால், நட்டுக்குள் போல்ட் சுழல்வதுபோல கால் டிரனியனுக்குள் சுழலும். அந்த மூலையின் பாரமும் கீழ்ப் புரி வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகிறது. புரி தேய்ந்து வழுக்கினால் கால் டிரனியனை விட்டுக் கழன்று, சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்துவிடும்.

என் கார் நேர்ரோட்டிலேயே அலைந்தது. ஒரு கராஜில் இரண்டு டை ரொட் எண்டையும் (ஸ்டியரிங் தண்டைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) மாற்றிக் காசு வாங்கினார்கள். ஆட்டம் அப்படியே இருந்தது. அப்புறம் அட்டனில் ஒரு வயதான மெக்கானிக் பாஸ் ஜெக் அடித்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். டக் டக்கென்றது. "தம்பி, பிரேக்கை மிதிச்சுப் பிடிங்க" என்றார். மிதித்தும் ஆட்டம் நிற்கவில்லை. சூட்சுமம் அதில்தான்: பிரேக் பிடித்தால் டிரம்மும் காலும் ஒன்றாக இறுகிவிடும், பெயாரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். மிச்சம் இருப்பது காலின் ஆட்டம். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் மட்டும் சத்தம் வந்திருந்தால் டை ரொட் எண்டைச் சந்தேகப்பட்டிருக்கலாம்.

காலைக் கழற்றும்போது பயப்பட வேண்டியது டோர்ஷன் பாருக்கு. ஸ்பிரிங்காக வேலை செய்யும், முறுக்கி வைத்த கம்பி அது. கீழ் டிரனியனைத் தாங்கும் கீழ்க்கைக்கு ஜெக் முட்டுக் கொடுக்காமல் டிரனியனைக் கழற்றினால் கை சட்டென்று கீழே அடிக்கும். காலோடு இணைந்த டை ரொட் எண்டையும் விடுவிக்க வேண்டும்; அதன் முனை கூம்பு வடிவில் இறுகியிருக்கும். போல்டை அடித்தால் புரிதான் கெடும். அது நுழைந்திருக்கும் துளையின் வளையத்தை, அதாவது கண்ணை, பக்கத்தில் சுத்தியலால் தட்டினால், கண் ஒரு கணம் நெளிந்து கூம்பை விட்டுவிடும். ரொட்டிலிருந்து அதைத் திருகிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். புதியதையும் அத்தனை சுற்றுத் திருகினால் சக்கரங்களின் கோணம் ஏறக்குறைய பழையபடி வரும். ஆனாலும் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும்: இரண்டு முன்சக்கரங்களின் முன்விளிம்புகளுக்கு இடையிலான இடைவெளி பின்விளிம்புகளுக்கு இடையிலானதைவிட 3/32 அங்குலம், அதாவது 2.4 மில்லிமீற்றர் குறைவாக இருக்க வேண்டும். கால் வாங்கும்போதும் கவனம், இடது, வலது கால்களின் புரிகள் எதிரெதிர் திசையில் சுற்றியிருக்கும்.

புதுக் காலும் மலைநாட்டு மழையில் சும்மா விட்டால் தேயும். தண்ணீரும் மண்ணும் புரிக்குள் போனால் கிறீஸ் அரைத்த மாவு மாதிரி ஆகிவிடும். நான் 1000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் கன்னை எடுக்கிறேன். கார் தரையில் நிற்கும்போது அடித்தால், பாரம் தாங்கும் பக்கத்தில் புரிகள் ஒட்டிக்கொண்டிருப்பதால் கிறீஸ் அங்கே நுழையாது. ஜெக்கில் தூக்கி, சக்கரத்தை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி, பழைய கறுப்புக் கிறீஸ் முழுக்க வெளியே வரும்வரை அடிக்கிறேன்.