வக்கடை எப்போது திறந்திருந்தது?

களுவாஞ்சிகுடியில் உயர்தரம் படிக்கும் மாணவர் ஒருவர் வட்ஸ்அப்பில் இலங்கைப் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். எச்.ஐ.வி தொற்றோடு பதிவானவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப மாவட்டங்களுக்கு நிறம் தீட்டிய படம். கொழும்பும் கம்பஹாவும் கடுஞ்சிவப்பு. மட்டக்களப்பும் அம்பாறையும் வெளிறிக் கிடந்தன. கீழே ஒரு கேள்வி: “சேர், நம்மட பக்கத்து ஆக்கள் ஒழுக்கம் எண்டுதானே இதுக்கு அர்த்தம்?”

இல்லை, தம்பி. ஒரு வரியில் பதில் அவ்வளவுதான். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. ஒரே நாட்டுக்குள், ஒரே சட்டம், ஒரே சுகாதாரத் திணைக்களம் இருக்கும்போது ஓர் இடத்தில் மட்டும் இந்த வைரஸ் ஏன் குவிகிறது?

வித்தியாசம் எவ்வளவு பெரிதாகப் போகலாம் என்று பார்க்க கென்யாவுக்குப் போக வேண்டும். விக்டோரியா ஏரிக்கரையில் ஹோமா பே என்றொரு மாவட்டம். 2018இல் கணக்கெடுத்தபோது அங்கே வயது வந்தவர்களில் 100க்கு ஏறத்தாழ 20 பேருக்கு எச்.ஐ.வி இருந்தது. அதே நாட்டின் வடகிழக்கில், சோமாலிய எல்லையோரம் உள்ள வஜிர், மண்டேரா பகுதிகளில் 100க்கு ஒருவர்கூட இல்லை. இந்தியாவிலும் இதே கதைதான். நாடு முழுவதற்கும் 100க்கு 0.2 அளவு, மிசோரமில் அதைப்போல பத்து மடங்குக்கும் மேல். மிசோரமுக்கு விடையின் ஒரு பகுதி சுலபம்: போதைப்பொருளை ஊசியால் ஏற்றிக்கொள்வது பரவலாக இருந்தது, ஊசி கைமாறியது. ஏரிக்கரையின் விடைதான் நம்மை யோசிக்க வைப்பது.

அடிப்படையை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். இரத்தம், பாலுறவு, தாயிடமிருந்து பிள்ளைக்கு என்று மூன்று வழிகள். கை குலுக்கினால் வராது, நுளம்பு கடித்தால் வராது, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தால் வராது. இனிப் பலர் படிக்காத ஒன்று: இந்த வைரஸ் தொற்றுவதில் உண்மையில் சோம்பேறி. தொற்றுள்ள ஒருவரோடு ஆணுறை இல்லாத சாதாரண ஆண் பெண் உறவில், ஒரு தடவைக்கு ஆபத்து சராசரியாக ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். தொற்றுள்ளவர் ஏற்றிய ஊசியைப் பகிர்ந்தால் ஆயிரத்தில் ஆறு. அம்மைக்கும் கொரோனாவுக்கும் பக்கத்தில் வைத்தால் இது ஒரு கணக்கே இல்லை. இவ்வளவு மந்தமான வைரஸ் ஒரு கரையில் ஐந்தில் ஒருவரைப் பிடித்தது எப்படி?

“அங்கே ஆட்கள் கண்டபடி திரிகிறார்கள்” என்பதுதான் எல்லோரும் எடுத்த எடுப்பில் சொல்லும் விடை. இதை ஆராய்ந்தவர்கள் ஒருவருக்கு வாழ்நாளில் எத்தனை துணைகள் என்று நாடு நாடாகக் கேட்டுப் பார்த்தார்கள். தொற்று அதிகமுள்ள ஆபிரிக்க நாடுகளில் அந்த எண்ணிக்கை ஐரோப்பியர்களுடையதை விடப் பொதுவாக அதிகமாக இருக்கவில்லை. அப்போதுதான் சிலர் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள். எத்தனை பேர் என்பதை விட்டுவிட்டு, எந்த ஒழுங்கில் என்று கேட்டார்கள்.

இந்த இடம் வந்தால் எனக்கு அப்பப்பாவின் வயல்தான் கண்முன் நிற்கும். படுவான்கரையில் மட்டமான பூமி. வரம்புக்கு வரம்பு வக்கடை, அதாவது தண்ணீர் பாய வரம்பில் வெட்டிய வாய். வட்டவிதானை முறை வைத்துத் தண்ணீர் விடுவார். இரவில் யாராவது மண்வெட்டியோடு வந்து ஒரு வக்கடையை வெட்டிவிட்டுப் போனால் காலையில் சண்டை. சிறு வயதில் ஒரு தடவை எங்கள் வயலில் சல்வீனியா என்ற மிதக்கும் களை வந்தது. வாய்க்காலில் மிதந்து வந்த உள்ளங்கையளவு துண்டு. சில கிழமைக்குள் தண்ணீர் தெரியாமல் மூடிவிட்டது. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வயல் என்றால் ஆள், வக்கடை என்றால் உறவு, சல்வீனியா என்றால் வைரஸ்.

வரிசையாக மூன்று வயல்: கிழக்கு, நடு, மேற்கு. நடுவயலுக்கு இரண்டு வக்கடை. முதல் ஆறு மாதம் கிழக்குப் பக்கம் திறந்திருக்கிறது. பிறகு அதை மண் வைத்து அடைத்துவிட்டு, அடுத்த ஆறு மாதம் மேற்குப் பக்கத்தைத் திறக்கிறோம். கிழக்கு வயலில் சல்வீனியா விழுந்தால் நடுவுக்கு வரலாம், காத்திருந்து மேற்குக்கும் போகலாம். ஆனால் மேற்கு வயலில் எட்டாம் மாதம் விழுந்தது கிழக்கு வயலுக்குப் போகவே முடியாது. வழி ஏற்கெனவே அடைபட்டுவிட்டது. காலம் ஒரு பக்கமாகத்தான் ஓடும், அதனால் தொற்றும் ஒரு பக்கமாகத்தான் ஓடும்.

இனி இரண்டு வக்கடையும் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கட்டும். எங்கே விழுந்தாலும், எந்த மாதம் விழுந்தாலும், மூன்று வயலும் போச்சு. நடுவயலுக்கு வக்கடை இரண்டுதான், முன்னரும் இரண்டுதான். ஒழுக்கக் கணக்குப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று. வைரஸுக்கு ஒன்றல்ல.

அழகு இதோடு முடியவில்லை. தொற்றிய முதல் சில வாரங்களில் உடல் இன்னும் எதிர்ப்பைத் திரட்டியிருக்காது. அப்போது ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் வைரஸின் அளவு பத்து இலட்சத்தையும் தாண்டலாம். பிறகு எதிர்ப்பாற்றல் அதை ஓரளவு கீழே தள்ளிவிடும். ஆண்டுக்கணக்கில் தாழ்ந்த மட்டத்தில் கிடக்கும். நான் சொன்ன ஆயிரத்தில் ஒன்று என்பது இந்த அமைதிக் காலத்துக்குப் பொருந்தும் கணக்கு. முதல் வாரங்களில் அது பல மடங்கு.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவரை விட்டுத்தான் இன்னொருவர் என்று வாழ்பவருக்குத் தொற்று வந்தால், அந்த உச்ச வாரங்களில் அவர் யாரோடு இருக்கிறார்? பெரும்பாலும் தொற்றைத் தந்தவரோடேயே. அவருக்குத்தான் ஏற்கெனவே இருக்கிறதே! வைரஸ் தன் முழுப் பலத்தோடு போய் மூடிய கதவில் முட்டுகிறது. அடுத்த உறவு தொடங்கும்போது உச்சம் இறங்கியிருக்கும். இரண்டு வக்கடையும் திறந்திருந்தால், உச்சத்தில் இருக்கும்போதே அடுத்த வயல் காத்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவோ ஆண்டாக இதை வாசித்து வருகிறேன், இந்த இடம் வரும்போது இப்போதும் ஒரு கணம் நின்றுவிடுவேன்.

இதிலிருந்து கசப்பான ஒன்றும் வருகிறது. ஒரே காலத்தில் இருவரோடு இருப்பவரின் சொந்த ஆபத்து, ஒருவர் பின் ஒருவராக இருவரோடு இருந்தவரின் ஆபத்தை விடக் கூடுவதில்லை. கூடுவது அவருடைய துணைகளின் ஆபத்து. தன் கணவனைத் தவிர வேறு யாரையும் அறியாத ஒரு பெண் பெரிய வலையின் நடுவில் இருக்கலாம், அது அவருக்குத் தெரியவே தெரியாது. “ஒழுக்கமாக இரு” என்ற புத்திமதி அவருக்கு எந்த விதத்தில் உதவும்?

கணிதக்காரர்களுக்கு இது பழைய செய்தி. எர்டோஷ், ரெனி என்ற இரு ஹங்கேரியர்கள் 1960 அளவில் ஒன்றைக் காட்டினார்கள். புள்ளிகளைக் கண்டபடி கோடுகளால் இணையுங்கள். ஒரு புள்ளிக்குச் சராசரி 0.9 இணைப்பு என்றால் சின்னச் சின்னக் கொத்துகள்தான் இருக்கும். 1.1 ஆனதும் ஏறத்தாழ 18 வீதப் புள்ளிகள் ஒரே வலையில் சிக்கிவிடும். 1.5 ஆனால் 58 வீதம். அதாவது பக்கத்துப் பக்கத்து ஊர்களின் பழக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு வித்தியாசம் இருந்தாலே போதும், முடிவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் வந்துவிடும். மனிதர்கள் கண்டபடி இணையும் புள்ளிகள் அல்லதான், ஆனாலும் இப்படி ஒரு வாசற்படி இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

சரி, இதுவே முழு விடையா? இல்லை. 2011இல் தென்னாபிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் நடந்த பெரிய ஆய்வொன்று, ஒரே கால உறவுகள் அதிகமுள்ள ஊர்களில் புதிய தொற்று அதிகம் என்று காணவில்லை. வாழ்நாள் துணைகளின் எண்ணிக்கைதான் முன்னால் நின்றது. சண்டை இன்னும் ஓயவில்லை. வக்கடைக் கணக்குத் தர்க்கத்தில் பிழையில்லை, எந்த ஊரில் அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் தகராறு என்பது என் கட்சி.

ஹோமா பேயில் வேறு கைகளும் இருக்கின்றன. மீன்பிடிகாரர்கள் மீன் போகும் திசையில் கரை மாறிக் கரை போகிறார்கள். தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் கரையிலிருந்து நம் கடற்கரைக்கு வந்து வாடி போடுபவர்களைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல. மீன் வாங்கி விற்கும் பெண்கள், பிடி குறைந்த நாளில் மீன் கிடைக்க வேண்டுமென்றால் படகுக்காரனோடு உறவு வைக்க வேண்டியிருக்கிறது. இதற்கு அங்கே ‘ஜபோயா’ என்று பெயரே உண்டு. வறுமைதான் அங்கே வக்கடையைத் திறந்து வைத்திருக்கிறது. இன்னொன்று சுன்னத்து. ஏரிக்கரையின் லுவோ மக்களிடம் அந்த வழக்கம் இருக்கவில்லை. வடகிழக்கின் சோமாலிய முஸ்லிம்களிடம் எல்லா ஆண்களுக்கும் உண்டு. முன்தோலின் உட்புறம் மெல்லியது, வைரஸ் பற்றிக்கொள்ளும் செல்கள் நிறைந்தது. 2005க்கும் 2007க்கும் இடையில் தென்னாபிரிக்கா, கென்யா, உகண்டா ஆகிய மூன்று நாடுகளில் வெளியான சோதனைகளில், சுன்னத்து செய்த ஆண்களுக்குப் பெண்களிடமிருந்து தொற்றும் ஆபத்து ஏறத்தாழ 60 வீதம் குறைந்தது. காத்தான்குடி, சாய்ந்தமருது வாசகர்கள் உடனே நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். குறைந்தது என்றுதான் சொன்னேன், நின்றது என்று சொல்லவில்லை. அதுவும் ஆணுக்கு மட்டும்.

இனி நம் படத்துக்கு வருவோம். இலங்கை முழுவதுமே குறைந்த தொற்றுள்ள நாடு, வளர்ந்தவர்களில் 100க்கு 0.1கூட இல்லை. 1987இல் முதல் இலங்கையர் கண்டறியப்பட்டார். தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. இது சின்ன விஷயமில்லை. வீடு வீடாகப் போன குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

அப்படியென்றால் கொழும்பு ஏன் சிவப்பு? ஒரு காரணம் சனத்தொகை. இன்னொரு காரணம் நாமே. இப்போது புதிதாகக் கண்டறியப்படுவோரில் மிகப் பெரும்பான்மையினர் ஆண்கள், அவர்களில் ஆண்களோடு உறவுள்ளவர்கள் கணிசம். அப்படியான ஒரு இளைஞன் நம் ஊரில் வாழ்வானா? ஊர் வாய் ஒரு பக்கம், அந்த உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு மறுபக்கம். பஸ் ஏறிவிடுவான். கொழும்பில் அறை எடுப்பான், அங்கே பரிசோதிப்பான், அங்கே பதிவாவான். நம் மாவட்டம் வெளிறித் தெரிய நாம் செய்த உபகாரம் அது.

படம் அளப்பவரைப் பொறுத்ததும்கூட. போர்க்காலத்தில், 2000இல் நடந்த நாடளாவிய குடிசன சுகாதார ஆய்வில் வடக்கையும் கிழக்கையும் சேர்க்கவே இல்லை. கென்யாவின் எண்களெல்லாம் வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்ததால் கிடைத்தவை. அப்படியான ஆய்வுகளுக்குப் பல நாடுகளில் முதுகெலும்பாக இருந்த அமெரிக்க நிதித் திட்டத்தை 2025 பெப்ரவரியில் ஒரே கையெழுத்தில் நிறுத்திவிட்டார்கள். மருந்தை நிறுத்தினால் உலகம் சத்தம் போடும். அளப்பதை நிறுத்தினால் யாருக்கும் உறைக்காது. 

இன்னொரு குழப்பம்: நல்ல சிகிச்சை உள்ள இடத்தில் தொற்றுள்ளவர்களின் விகிதம் கூடத்தான் தெரியும், ஏனென்றால் அவர்கள் சாகாமல் வாழ்கிறார்கள். வான்கதவை மூடிய குளத்தில் மட்டம் உயர்வதைப் பார்த்து மழை கூடிவிட்டது என்று சொல்ல முடியாது. மருந்தை ஒழுங்காக எடுத்து, வைரஸ் அளவு இரத்தத்தில் அகப்படாத நிலைக்கு இறங்கியவரிடமிருந்து பாலுறவால் தொற்று பரவாது. அவருடைய வக்கடை திறந்திருந்தாலும் அதனால் ஒன்றும் வராது.

கடைசியாக ஒரு சம்பவம், நண்பனின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். சில வருடங்களுக்கு முன் அவனுக்குச் சந்தேகம் வந்தது, துணைக்கு என்னைக் கூட்டிப்போனான். அரச பாலியல் நோய் கிளினிக், சோதனை இலவசம். வாசல் வாங்கில் நான். மூன்று வாங்கு தள்ளி அவன், தலையில் ஹெல்மெட், கண்ணாடியும் இறக்கியபடி. உள்ளே போகிற மட்டும் கழற்றவில்லை. வியர்வை கழுத்தால் வடிந்தது. வேலையாள் ஒருவர் வந்து எதற்கு வந்தது என்று வாசலிலேயே உரத்துக் கேட்டார். அன்று பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள், நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே இருந்த டொக்டர் தங்கமானவர்.

முடிவு தொற்று இல்லை. ஆனால் டொக்டர் விடவில்லை. உடல் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கக் கிழமைக் கணக்கில் ஆகும், அதுவரை அந்தச் சோதனைக்கு ஒன்றும் தெரியாது, நாள் காணாது, மூன்று மாதம் முடிய இன்னொரு தடவை வாருங்கள் என்றார். வெளியே வந்து மோட்டார் சைக்கிளை உதைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. சோதனைக்குக் கண் தெரியாத அதே வாரங்கள்தானே வைரஸ் உச்சத்தில் இருக்கும் வாரங்கள்!

மூன்று மாதம் கழித்து அவன் திரும்பவும் போனான். ஹெல்மெட்டோடுதான்.