ராத்திரி முழுக்க விழித்தவருக்குக் காலையில் ஏன் தூக்கம் கலைகிறது?

இரவு முழுக்கக் கண் விழித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு இமையைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடாக இருக்கும், ஆனால் இடையில் ஒரு நிமிடம்கூடத் தூங்காமலேயே எட்டு ஒன்பது மணிக்குக் கொஞ்சம் தெளிவு வந்துவிடும். நேரம் போகப்போகத் தூக்கக் கலக்கமும் கூடிக்கொண்டுதானே போக வேண்டும்? தூக்கத்தை நடத்துவது இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் என்பதால்தான் இப்படி ஆகிறது. தூக்க ஆய்வாளர் அலெக்ஸாண்டர் போர்பே 1982-ல் முன்வைத்த இந்த விளக்கத்தை இன்னும் தூக்க ஆய்வாளர்கள் கையில் வைத்திருக்கிறார்கள்.

முதலாவது, தூக்க அழுத்தம். விழித்திருக்கும்போது மூளை ஆற்றலைச் செலவழிக்கச் செலவழிக்க அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும், தூங்கினால்தான் குறையும். காபி அதைக் குறைப்பதில்லை. அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடங்களைக் காஃபின் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். குடித்த காஃபினில் பாதி உடலிலிருந்து போவதற்கே சராசரியாக 5 மணி நேரம் ஆகும் என்பதால், சாயங்காலக் காபி படுக்கைவரை கூடவே வரும்.

இரண்டாவதுதான் உடல் கடிகாரம், எனக்கு இதில்தான் வியப்பு அதிகம். மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸில், சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து. அதன் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு மரபணு புரதத்தை உண்டாக்குகிறது, அந்தப் புரதம் போதுமான அளவு சேர்ந்ததும் உட்கருவுக்குள் போய்த் தன்னை உண்டாக்கிய மரபணுவையே நிறுத்திவிடுகிறது, பிறகு புரதம் சிதைந்து தீர்ந்ததும் மரபணு மறுபடி வேலையைத் தொடங்குகிறது. இந்த ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள். பழ ஈக்களில் இதைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-ல் நோபல் கிடைத்தது.

நீங்கள் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறீர்கள் என்ற கணக்கெல்லாம் இந்தக் கடிகாரத்திடம் இல்லை. முன்னிரவில் அது விழிப்பைப் பலமாகத் தூக்கிப் பிடிக்கும், அப்புறம் இரவு வந்துவிட்டதை உடலுக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும், உடல் வெப்பம் இறங்கி நாலு ஐந்து மணி வாக்கில் அடிமட்டத்தைத் தொடும். அதற்குப் பின் ஏறுமுகம்தான். காலை எட்டு மணித் தெளிவு இந்த ஏற்றத்தால் வருவது. சேர்ந்த அடினோசின் அப்படியேதான் இருக்கிறது.

சரி, இந்தக் கடிகாரம் துல்லியமானதா? மனிதர்களில் இதன் சுற்று சராசரியாக 24 மணி நேரத்துக்குச் சில நிமிடங்கள் கூடுதல். தினமும் திருத்தாவிட்டால் பின்தங்கிக்கொண்டே போகும். திருத்துவது வெளிச்சம். பார்வைக்கான செல்களைத் தவிர, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட வேறு சில செல்களும் விழித்திரையில் உண்டு, நீல ஒளியை நன்றாக உணர்பவை. பார்வை முழுவதும் போனபிறகும் இந்தச் செல்கள் மிஞ்சியிருக்கும் சிலருக்குக் கடிகாரம் ஒழுங்காகவே ஓடுகிறது. இரவு வெளிச்சம் கடிகாரத்தைத் தள்ளிப்போடும், காலை வெளிச்சம் முன்னே இழுக்கும். ஆகவே சீக்கிரம் தூங்க நினைப்பவர்கள் படுக்கையில் புரண்டு பாடுபடுவதைவிட, தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்து வெளியே போய் நிற்பதுதான் பலன் தரும். மேகமூட்டமான வானம்கூட வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு பிரகாசம்.

இரவு வேலை பார்ப்பவர்களின் சிரமமும் இங்கேதான் இருக்கிறது. தூக்க அழுத்தம் நிரம்பி வழிய வீடு திரும்புகிறார்கள், கடிகாரமோ அப்போதுதான் விழிப்பை ஏற்றிக்கொண்டிருக்கும், போதாததற்கு வழியெல்லாம் காலை வெளிச்சம். அதனால்தான் அவர்களின் பகல் தூக்கம் பாதியில் அறுந்துவிடுகிறது. அறையை நன்றாக இருட்டாக்கிக் கொடுத்து, வீட்டில் இருப்பவர்கள் சத்தம் போடாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் தூங்குவார்கள்.