ஷெட்டில் நின்ற போர்ஷே

பழைய கார் விளம்பரங்களில் ஒரு வரிக்குத் தனி மவுசு உண்டு: "ஒரே ஓனர், கிலோமீட்டர் கம்மி, பெரும்பாலும் ஷெட்டிலேயே நின்ற வண்டி." படித்த உடனே போனை எடுக்கத் தோன்றும். அந்த வண்டி 1990களின் கடைசியிலிருந்து 2008 வரை வந்த போர்ஷே பாக்ஸ்டராகவோ 911 ஆகவோ இருந்துவிட்டால், விவரம் தெரிந்த மெக்கானிக்குக்கு அதே வரி வயிற்றைக் கலக்கும். காரணம், சுற்றும் தண்டைத் தாங்கிப் பிடிக்கும், உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு பேரிங்.

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்த கார்களின் இன்ஜினில் சிலிண்டர்கள் இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று என்று படுத்திருக்கும். இரண்டு பக்கத்துக்கும் ஓட்டத்தைக் கொண்டுபோக, கிராங்குக்கு அடியில் நீளவாக்கில் இன்னொரு தண்டு ஓடுகிறது. இதற்கு இடைத்தண்டு என்று பெயர். கிராங்கிலிருந்து ஒரு செயின் இதைச் சுற்றும். இதன் ஒரு முனையிலிருந்து ஒரு பக்க கேம்களுக்கும், மறுமுனையிலிருந்து அடுத்த பக்க கேம்களுக்கும் செயின் போகும். அதாவது இந்தத் தண்டு கொஞ்சம் ஆடினாலும் இன்ஜினின் மொத்தத் தாளமும் கெட்டுவிடும்.

தண்டின் ஆயில் பம்ப் பக்க முனை சாதாரண வழவழப்பான தாங்கியில் உட்கார்ந்திருக்கிறது. அழுத்தத்தோடு வரும் ஆயில் அதற்குப் போதும். கியர்பாக்ஸை ஒட்டிய ஃப்ளைவீல் பக்க முனையில்தான் எஃகுக் குண்டுகள் உருளும் பேரிங். உள்ளே கிரீஸ் அடைத்து, ரப்பர் சீல் போட்டு, 'ஆயுளுக்கும் தொட வேண்டாம்' என்கிற வகை. அதே காலத்து 911 டர்போ, ஜிடி3 கார்களின் இன்ஜின் வேறு பரம்பரை. அவற்றில் இடைத்தண்டு ஆயிலில் மிதக்கும் தாங்கிகளில்தான் சுற்றுகிறது, இந்தத் தொல்லை இல்லை.

சீல் போட்ட பேரிங் மோசமான பொருள் ஒன்றுமில்லை. மோட்டாரில், சக்கரத்தில் எல்லாம் ஒழுங்காக உழைக்கிறது. இங்கே அது இருப்பது சுடச்சுட இன்ஜின் ஆயில் தெறிக்கும் இடத்தில். வருடக்கணக்கில் சூடாகி ஆறி ரப்பர் இறுகுகிறது, ஓரத்தில் ஆயில் கசிந்து உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடுகிறது. சரி, கிரீஸ் போனால் என்ன, ஆயில் வந்துவிட்டதே என்று நினைக்கலாம். வந்த ஆயில் வெளியே போக வழியில்லையே! சீலுக்குள் மாட்டிக்கொண்ட அந்தச் சொட்டு ஆயில் அங்கேயே கிடந்து பழசாகிறது.

வண்டி நின்றே இருப்பது ஏன் கெடுதல் என்பது இப்போது புரியும். வண்டியை எடுத்து, காய்கறி வாங்கிவிட்டு, பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டால் ஆயில் முழுதாகச் சூடேறுவதில்லை. எரியாத பெட்ரோலும் குளிர்ந்து படிந்த ஈரமும் அதிலேயே தங்கி, மெல்ல அமிலமாகின்றன. நீண்ட தூரம் ஓடும் வண்டியில் அந்த ஈரம் ஆவியாகிவிடும். போதாக்குறைக்கு, 15,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று கம்பெனியே சொன்ன காலம் அது. வருடத்துக்கு 3,000 மைல் ஓட்டுகிறவர் எப்போது மாற்றுவார்?

குண்டுகளில் முதலில் ஊசிமுனைக் குழிகள் விழுகின்றன. உதிர்ந்த எஃகுத் தூள் ஆயிலோடு ஊர்வலம் போய் மற்ற தாங்கிகளையும் அரிக்கிறது. ஒருநாள் தண்டு சாய்கிறது, செயின் பல் தாண்டுகிறது, திறந்து நிற்கும் வால்வில் பிஸ்டன் வந்து மோதுகிறது. அப்புறம் பிரித்துப் பார்க்க மட்டும்தான் அந்த இன்ஜின். பெரும்பாலும் எச்சரிக்கை விளக்குகூட எரிவதில்லை.

ஆரம்ப இன்ஜின்களில் இரண்டு வரிசைக் குண்டு இருந்தது. 2000 வாக்கில் அதை ஒற்றை வரிசையாக்கினார்கள், தலைவலி பெருகியது. அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2013-இல் சமரசம் வந்தது. கம்பெனி தவறை ஒப்புக்கொள்ளவில்லை. 2001 மே 4 முதல் 2005 பிப்ரவரி 21 வரை தயாரான கார்களுக்கு, முதல் விற்பனையிலிருந்து 10 வருடம் அல்லது 1,30,000 மைலுக்குள் இந்தப் பேரிங்கால் இன்ஜின் போயிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். புதிதாக வாங்கியவருக்கும், கம்பெனியே சோதித்துச் சான்று கொடுத்த பழைய காரை வாங்கியவருக்கும் முழுத்தொகை. வெளியில் பழையதாக வாங்கியவருக்கு 25 சதவீதம். ஒரே கார், ஒரே பேரிங், பில்லில் கையெழுத்து யாருடையது என்பதில் முக்கால் பங்கு போய்விட்டது. அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. புது காரின் வாரண்டி 4 வருடம் அல்லது 50,000 மைல், பேரிங் நோகத் தொடங்குவதோ அதற்கப்புறம்தான் அதிகம். அடி விழுவது இரண்டாவது, மூன்றாவது ஓனருக்கு.

அந்த 10 வருடமும் 2015 வாக்கிலேயே தீர்ந்துவிட்டது. இன்று வாங்குகிறவருக்கு மிச்சம், தனியார் விற்கும் வாரண்டி நீட்டிப்பு ஒப்பந்தங்கள். அவற்றில் முதல் பக்கத்தைவிட விலக்குப் பட்டியலைப் படியுங்கள். 'இயல்பான தேய்மானம்', 'வாங்கும் முன்பே இருந்த கோளாறு' என்ற இரண்டும் இருந்தால், பல வருடமாகத் தேய்ந்து வரும் ஒரு பேரிங்கை எந்தப் பக்கம் தள்ளுவார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம். ஆயில் மாற்றிய ரசீதுகளையும் கேட்பார்கள். அமெரிக்க டீலர்கள் பழைய காரின் கண்ணாடியில் கட்டாயம் ஒட்டவேண்டிய தாள் ஒன்று உண்டு. வாரண்டி உண்டு, அல்லது இருக்கிறபடி விற்கிறோம் என்று அதில் கட்டம் போட்டு டிக் அடித்திருக்கும். வாய்ப்பேச்சை விட்டுவிட்டு அந்த டிக்கைப் பார்ப்பது நல்லது.

அதைவிட நம்பகமான வாரண்டி ஆயில் ஃபில்டருக்குள் இருக்கிறது. வாங்கும் முன் அதைக் கழற்றி, பேப்பர் மடிப்புகளை வெட்டி வெயிலில் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மினுமினுப்பு தெரிந்தால் காந்தத்தை அருகில் கொண்டுபோக வேண்டும். ஒட்டாவிட்டால் அலுமினியமாக இருக்கலாம். பழுப்பு பிளாஸ்டிக் துணுக்கு என்றால் செயின் உரசும் பட்டை தேய்கிறது. துள்ளிக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் எஃகு, பேரிங் உதிர்கிறது என்று சந்தேகப்படலாம். அந்தக் காரை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

2005 வரையிலான பெரும்பாலான இன்ஜின்களில், கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும் நாளில் பேரிங்கையும் சேர்த்து மாற்றிவிடுவார்கள். 2006 முதல் 2008 வரை வந்தவற்றில் பேரிங் பெரிது, உறுதியும் அதிகம், ஆனால் இன்ஜினையே இரண்டாகப் பிளக்காமல் வெளியே வராது. அதற்கு மெக்கானிக்குகள் செய்யும் வேலை ரொம்ப எளிது. ஒரு கூரான கொக்கியை ஓரத்தில் விட்டு, அந்த ரப்பர் சீலை மட்டும் நெம்பி எடுத்து எறிந்துவிடுகிறார்கள்.