கருவுறாக் காய்ப்பு: பார்த்தினோகார்பிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வெள்ளரியின் பெண்பூ மலரும்போதே அதன் அடியில் ஒரு குட்டி வெள்ளரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் சூலகம். தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்தால் உள்ளே சூல்கள் கருவுற்று விதையாகும், பிஞ்சும் பருக்கும். மகரந்தம் வரவில்லை என்றால் பிஞ்சு மஞ்சளித்துச் சுருங்கி உதிர்ந்துவிடும். சில வெள்ளரி வகைகளில் மட்டும் இது நடப்பதில்லை. மகரந்தம் ஒரு துளிகூடப் படாமலே பிஞ்சு நின்று, நீண்டு, முழுக் காயாகிவிடும். அறுத்துப் பார்த்தால் முற்றிய விதை இருக்காது. இதற்குப் பெயர் பார்த்தினோகார்பி.

1902-இல் இந்தப் பெயரை வைத்தவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபிரிட்ஸ் நோல். அவர் ஆராய்ந்ததும் வெள்ளரியைத்தான். கிரேக்கத்தில் பார்த்தினோஸ் என்றால் கன்னி, கார்ப்போஸ் என்றால் கனி. ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினான் கோயிலின் பெயரிலும் இருப்பது அதே கன்னிதான்.

தமிழில் இதற்குக் கன்னிக்கனி, விதையிலாக் கனி, கருவுறாக் கனி என்று பல பெயர்கள் வழங்குகின்றன. மூன்றும் ஒன்றல்ல. விதையிலாக் கனி என்பது விளைவைச் சொல்கிறதே தவிர, அது எப்படி வந்தது என்பதைச் சொல்லவில்லை. விதையில்லாத் திராட்சை பலவற்றில் கருவுறுதல் நடக்கத்தான் செய்கிறது. கரு பாதியில் வளர்ச்சி நின்று போவதால் விதை உருவாகாமல் போகிறது. அதற்கு ஸ்டெனோஸ்பெர்மோகார்பி என்று தனிப் பெயரே உண்டு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் படிப்பவர் குழம்பிப்போவார்.

கன்னிக்கனி கிரேக்கச் சொல்லின் நேர் பெயர்ப்பு. காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கன்னிப்பேச்சு, கன்னி முயற்சி என்று முதன்முதலாக நிகழ்வதற்கும் ‘கன்னி’யைச் சேர்க்கிறோமே! கன்னிக்கனி என்று கேட்டால் செடியின் முதல் பழம் என்றும் எண்ண இடமிருக்கிறது.

கருவுறாக் கனி இவற்றைவிட மேல். அதிலும் ‘கனி’ எனக்கு உறுத்துகிறது. கார்ப்போஸில் காய், பழம் என்ற பிரிவு இல்லை, தமிழில் இருக்கிறது. கனிதல் என்றால் பழுத்தல். இங்கே நடப்பது பழுப்பதல்ல, பிஞ்சு நிற்பதும் காய் பிடிப்பதும். வெள்ளரியைப் பெரும்பாலும் காயாகத்தான் பறிக்கிறோம். ஆகவே நிகழ்வுக்குக் ‘கருவுறாக் காய்ப்பு’ என்றும், கிடைப்பதற்குக் ‘கருவுறாக் காய்’ என்றும் எழுதுவதே சரி என்று நினைக்கிறேன்.

சரி, கருவுறாமலே காய் எப்படிப் பிடிக்கிறது? வழக்கமாகச் சூலகத்தை வளரத் தூண்டும் ஆக்சின் போன்ற ஹார்மோன்கள் கருவுறுதலை ஒட்டியே பெருகும். இந்த ஹார்மோன்கள் போன்ற வளர்ச்சிப் பொருள்களை வெளியிலிருந்து பூசியே, மகரந்தம் இல்லாமல் காய் உண்டாக்கலாம் என்று தாவரவியலாளர் கஸ்டஃப்சன் 1936-இல் காட்டினார். கருவுறாமல் காய்க்கும் வகைகளில் அந்தத் தூண்டுதல் செடிக்குள்ளேயே எழுகிறது. அது மரபணுவில் வருகிற குணம்.

எத்தனை மரபணு என்பதில்தான் நெடுநாள் விவாதம். வெள்ளரியை ஆராய்ந்த பைக், பீட்டர்சன் இருவரும் 1969-இல் ஒரே மரபணு என்றார்கள். ஒரு மரபணுவின் மாற்று வடிவங்களுக்கு அல்லீல் என்று பெயர்; பெற்றோர் வழியாகச் செடிக்கு இரண்டு கிடைக்கும். இரண்டும் ஓங்கு அல்லீலாக இருந்தால் பெரும்பாலும் ஐந்தாம் கணுவுக்குள் காய் பிடித்துவிடும். ஒன்று மட்டும் இருந்தால் தாமதமாக, குறைவாகக் காய்க்கும். இரண்டும் ஒடுங்கு அல்லீலாக இருந்தால் காய்ப்பே இல்லை. இதைத்தான் முழுமையற்ற ஓங்குதன்மை என்கிறோம். நெதர்லாந்தில் 1976-இல் வந்த ஆய்வு, மூன்று மரபணுக்களின் விளைவு ஒன்றோடொன்று கூடுகிறது என்றது. அப்புறம் வந்த மரபணு வரைபட ஆய்வுகளும் வெள்ளரியின் ஏழு ஜோடிக் குரோமோசோம்களில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களைக் காட்டின. எந்தப் பெற்றோரை வைத்துக் கலந்தார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறியதில் வியப்பில்லை.

பசுமைக்குடில் வெள்ளரியில் இந்தக் குணத்தோடு இன்னொன்றையும் சேர்க்கிறார்கள்: பெண்பூ மட்டுமே பூக்கும் தன்மை. ஆண்பூ இல்லாததால் உள்ளே மகரந்தமும் இல்லை, எல்லாப் பூவும் காயாகலாம். ஆனால் வெளியிலிருந்து தேனீ மகரந்தத்தோடு நுழைந்துவிட்டால் விதை பிடித்து, காயின் நுனி உப்பி உருமாறிவிடும். அதனால்தான் ‘மலட்டுக்காய்’ என்று சிலர் சொல்வதை ஏற்க முடியவில்லை. இந்தச் சூல்கள் கருவுற முடியாதவை அல்ல, கருவுறாதவை.

விதை உற்பத்தியும் இதை வைத்துத்தான் நடக்கிறது. பெண்பூவைத் தூண்டும் எத்திலீன் என்ற ஹார்மோனின் வேலையை வெள்ளி உப்புக் கரைசல் தடுக்கும். அதைத் தெளித்தால் பெண்பூச் செடியிலேயே ஆண்பூ வரும். அந்த மகரந்தத்தை எடுத்துப் பெண்பூவில் வைத்தால், விதையே இல்லாமல் காய்த்த அதே செடி விதையோடு காய்க்கும்.