‘நம்பிக்கை இடைவெளி’: கான்ஃபிடன்ஸ் இன்டர்வெலுக்கு இந்தத் தமிழ் போதுமா?

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் பற்றிய ஆய்வுக் கட்டுரை எதைப் புரட்டினாலும், ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்னும் இரண்டு எண்கள் உட்கார்ந்திருக்கும். 0.42 (0.20 முதல் 0.89 வரை) என்கிற மாதிரி. ஆய்வில் கிடைத்த மதிப்பீடு எவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம் என்று காட்டும் அந்த இரட்டை எண்ணுக்குப் பெயர் கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல். சென்னையில் நர்சிங் படிக்கிற பிள்ளைகள் அதை ‘சி.ஐ.’ என்று சுருக்கிக்கொள்வார்கள், நோயை ‘சி.ஓ.பி.டி.’ என்று சுருக்குவதுபோல. தமிழில் எழுதும்போது பெரும்பாலும் ‘நம்பிக்கை இடைவெளி’ என்று வருகிறது.

சொல்லுக்குச் சொல் பார்த்தால் இந்த மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. பள்ளிக் கணக்கிலேயே ‘பிரிவு இடைவெளி’, ‘திறந்த இடைவெளி’ எல்லாம் உண்டு. ஆனால் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்தால் இடைவெளி என்பதற்கு வேறு பொருள். தலைமுறை இடைவெளி என்கிறோம். 2020-இல் கடைவாசலில் வட்டம் போட்டு நிற்கவைத்து, சமூக இடைவெளி என்றோம். இரண்டுமே விலகலைச் சொல்பவை. அந்தப் பழக்கத்தில் ‘நம்பிக்கை இடைவெளி’ என்று படிப்பவருக்கு, மருத்துவமனைக்கும் மக்களுக்கும் நடுவில் நம்பிக்கை குறைந்துபோனதைப் பற்றிய கட்டுரையோ என்றுதான் தோன்றும்.

மூலச் சொல்லுக்குப் போவோம். இன்டர்வெல் என்பது இலத்தீனின் ‘இன்டர்வல்லும்’ என்பதிலிருந்து வந்தது. ‘இன்டர்’ என்றால் இடையில். ‘வல்லும்’ என்றால் கோட்டை அரண். இரண்டு அரண்களுக்கு நடுவே உள்ள இடம் என்பதுதான் ஆதிப் பொருள். அதில் வெற்றிடத்தைவிட இரு பக்கமும் நிற்கிற மதில் முக்கியம். கான்ஃபிடன்ஸ், ‘முழுக்க நம்புதல்’ என்னும் பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது.

நம்முடைய ‘நம்பு’வுக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. ‘நம்பும் மேவும் நசையா கும்மே’ என்கிறது தொல்காப்பிய உரியியல். நசை என்றால் விருப்பம். அப்போது ‘நம்பு’ ஆசையைக் குறித்தது. அந்த வாடை இன்னும் முழுசாகப் போகவில்லை. “நம்பிக்கையா இருங்கம்மா, சரியாயிடும்” என்று வார்டில் சொல்லும்போது, நல்லது நடக்கவேண்டும் என்ற விருப்பம்தான் பேசுகிறது. அதனால் ‘95 சதவீத நம்பிக்கை’ என்று எழுதியதை, நோயாளி பிழைக்க 95 சதவீத வாய்ப்பு என்று படித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். புள்ளியியல் அப்படி எதையும் சொல்லவில்லை.

இந்தக் கலைச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் யெர்சி நெய்மன் என்ற போலந்துப் புள்ளியியலாளர். 1934-இல் லண்டனில் ராயல் புள்ளியியல் சங்கத்தின் முன் படித்த கட்டுரையில் இதைப் பயன்படுத்தினார். முழுக் கோட்பாட்டை 1937-இல் வெளியிட்டார். 1934 கூட்டத்தில் ஆர்தர் பௌலி என்ற மூத்த அறிஞர், இந்தக் கான்ஃபிடன்ஸ் ஒரு ‘கான்ஃபிடன்ஸ் ட்ரிக்’காக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். ஆளை நம்பவைத்து ஏமாற்றும் வேலைக்கு ஆங்கிலத்தில் அப்படிப் பெயர். அதே காலத்தில் ரொனால்டு ஃபிஷர், நம்பிக்கை என்றே பொருள்படும் இன்னொரு இலத்தீன் சொல்லிலிருந்து ‘ஃபிடூஷியல்’ என்று ஒரு போட்டிச் சொல்லை வைத்திருந்தார். நெய்மனுடையதுதான் நிலைத்தது.

சரி, நெய்மன் எதன்மேல் நம்பிக்கை வைக்கச் சொன்னார்? கையில் இருக்கும் இரண்டு எண்கள்மேல் இல்லை, அவற்றைக் கண்டுபிடித்த முறையின்மேல். பட்டினப்பாக்கம் கரையில் ஒருவர் வீச்சு வலை வீசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் ஒரே இடத்தில் நிற்கிறது, அவர் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் வலை கொஞ்சம் தள்ளித் தள்ளி விழுகிறது. ஆனால் அவர் கை அப்படி: நூறு முறை வீசினால் சுமார் 95 முறை மீன் வலைக்குள் இருக்கும். அந்த 95 அவர் வீசும் கையின் தரம். இப்போது விழுந்த இந்த ஒரு வலைக்குள் மீன் இருக்கிறது, அல்லது இல்லை. மீன் என்பது உண்மையான மதிப்பு; வலை நாம் கணக்கிட்ட எல்லை.

வலை என்றதும், ‘நம்பிக்கை வீச்சு’ என்று சொல்லலாமே என்று கேட்கலாம். ஆனால் ‘வீச்சு’ என்ற சொல்லைப் பள்ளிப் பாடம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. மிகப் பெரிய மதிப்பிலிருந்து மிகச் சிறியதைக் கழித்தால் வருவது வீச்சு. ‘நம்பக இடைவெளி’ என்றால், கேள்வித்தாளோ கருவியோ திரும்பத் திரும்ப ஒரே விடை தருகிறதா என்பதற்கான ‘நம்பகத்தன்மை’யோடு குழம்பும். என் தேர்வு ‘நம்பிக்கை எல்லைகள்’. கீழ் எல்லை ஒன்று, மேல் எல்லை ஒன்று. இலத்தீன் மதிலும் திரும்பி வந்துவிடுகிறது. தேர்வில் மதிப்பெண் வேண்டுமென்றால் பாடநூலில் உள்ளதை எழுதுங்கள், அதில் வழக்கு இல்லை.

இனி வார்டுக்கு. செவிலியர் பராமரிப்புத் திட்டம் என்பது, நோயாளியை மதிப்பிட்டு, சிக்கல் என்னவென்று கண்டு, இலக்கு வைத்து, செய்து, பலன் கிடைத்ததா என்று திரும்பிப் பார்ப்பது. சி.ஓ.பி.டி. என்றால் அதில் வழக்கமாக இருப்பவை: சளி வெளியேறாமை, வாயுப் பரிமாற்றக் குறைவு, நாலடி நடந்தால் மூச்சு வாங்குவது, உடல் இளைப்பது. செய்யும் வேலைகளும் தெரிந்தவைதான். சாய்த்து உட்காரவைப்பது, உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடப் பழக்குவது, ‘பம்பு’ என்று எல்லோரும் சொல்லும் இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறாரா என்று கண்ணால் பார்ப்பது, புகையை நிறுத்தவைப்பது. சென்னையில் போகிக்கு முதல் நாளே ஜன்னலைச் சாத்தச் சொல்லி எழுதிவைப்பதும் இதில் சேர வேண்டும் என்பேன். இந்த நோய்க்குப் பீடி, சிகரெட் மட்டும் காரணமில்லை. வருஷக்கணக்கில் விறகடுப்பு ஊதிய பெண்களுக்கும் வருகிறது.

இந்தத் திட்டத்தில் எண் வரும் இடம் ஆக்ஸிஜன். சி.ஓ.பி.டி. தீவிரமாகி வருபவருக்கு இரத்தத்தில் ஆக்ஸிஜன் செறிவு 88 முதல் 92 சதவீதம் இருக்குமாறு வைப்பது வழக்கம். கூட இருக்கும் மகளுக்கு அது பயமாக இருக்கும். “சிஸ்டர், 90-தான் காட்டுது, கொஞ்சம் கூட்டி வையுங்களேன்” என்பார். கூட்டினால் இரத்தத்தில் கரியமில வாயு சேரக்கூடும். நோயாளி மந்தமாகித் தூக்கத்துக்குள் போவார், நிலைமை கையை மீறலாம்.

இந்த வழக்கத்துக்கு வலு சேர்த்த ஆய்வு ஒன்று ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவிலிருந்து 2010-இல் வந்தது. மூச்சுத்திணறலோடு ஆம்புலன்ஸில் ஏறிய 405 பேரில், ஒரு பகுதியினருக்கு முகமூடியில் தாராளமாக ஆக்ஸிஜன். மற்றவர்களுக்கு மூக்குக் குழாயில் 88 முதல் 92-க்குள் நிற்குமாறு அளந்து அளந்து ஆக்ஸிஜன். அளந்து கொடுக்கப்பட்டவர்களில் இறப்பு குறைந்தது. ஒப்பீட்டு அபாயம், அதாவது இவர்களின் இறப்பு விகிதத்தை மற்றவர்களின் விகிதத்தால் வகுத்த எண், 0.42; 95 சதவீத நம்பிக்கை எல்லைகள் 0.20, 0.89. இங்கே 1 என்றால் இரண்டு முறைக்கும் வித்தியாசம் இல்லை என்று பொருள். மேல் எல்லைகூட 1-க்குக் கீழே நிற்கிறது.

அந்த 405 பேரில் சி.ஓ.பி.டி. உறுதியானவர்கள் 214 பேர். அவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஒப்பீட்டு அபாயம் 0.22. ஆஹா, பலன் இரண்டு மடங்கு என்று துள்ளத் தோன்றும். எல்லைகளைப் பாருங்கள்: 0.05, 0.91. முதல் கணக்கில் மேல் எல்லை கீழ் எல்லையைப்போல் சுமார் நான்கரை மடங்கு. இங்கே 18 மடங்கு. ஆட்கள் குறைந்ததால் அகலம் கூடிவிட்டது. பலன் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. எவ்வளவு பலன் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒற்றை எண்ணை மட்டும் படித்துவிட்டுப் போகிறவருக்கு இது தெரியவே தெரியாது.

அப்புறம், மாணவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று. 88 முதல் 92 என்பதும் இரட்டை எண்தான், ஆனால் அது நம்பிக்கை எல்லை கிடையாது. அது இலக்கு, நாம் வைத்துக்கொண்டது. நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்பது ஆரோக்கியமான பெரியவர்களிடம் காணும் இயல்பு அளவு. 0.20 முதல் 0.89 மட்டும்தான் ஓர் ஆய்வின் மதிப்பீட்டில் உள்ள தெளிவின்மையைச் சொல்கிறது. மூன்றையும் ‘ரேஞ்ச்’ என்றே அழைத்தால் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

கணக்கு எப்படி வருகிறது என்பதைக் கற்பனை எண்களில் பார்க்கலாம். மூச்சுப் பயிற்சிக்குப் பிறகு ஆறு நிமிட நடைச் சோதனையில் 36 பேர் சராசரியாக 40 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். ஆளுக்கு ஆள் மாற்றம் எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டும் திட்ட விலக்கம் 60 மீட்டர். 36-இன் வர்க்கமூலம் 6. 60-ஐ 6-ஆல் வகுத்தால் திட்டப் பிழை 10; சராசரி எவ்வளவு தள்ளாடக்கூடும் என்பதன் அளவு இது. அதை 95 சதவீதத்துக்கான எண்ணான 1.96-ஆல் பெருக்கி, சராசரியிலிருந்து கழித்தும் கூட்டியும் எழுதினால் 20.4, 59.6. (சிறிய குழுவுக்கு 1.96-க்குப் பதில் ‘டி’ என்ற புள்ளியியல் அட்டவணையின் எண்ணைப் போடுவார்கள், விடை கொஞ்சம் விரியும்.) இந்தச் சோதனையில் சுமார் 30 மீட்டர் கூடினால்தான் நோயாளிக்கு உருப்படியான மாற்றம் என்று கொள்கிறார்கள். சராசரி அதைத் தாண்டிவிட்டது, கீழ் எல்லை தாண்டவில்லை. இதே சராசரியும் விலக்கமும் 144 பேரிடம் கிடைத்திருந்தால் திட்டப் பிழை 5, எல்லைகள் 30.2, 49.8. அகலம் பாதியாக வேண்டுமென்றால் ஆள் நான்கு மடங்கு வேண்டும். ஆய்வேட்டுக்கு ஒரே வார்டில் ஆள் தேடி அலைகிறவர்கள் கவனிக்கவேண்டிய கணக்கு இது.

20.4 முதல் 59.6 வரை என்பது சராசரிக்கான எல்லை. ‘நூற்றுக்கு 95 நோயாளிகள் இதற்குள் இருப்பார்கள்’ என்று எழுதினால் தவறு. திட்ட விலக்கம் 60 என்பதால், தனித்தனி ஆட்களின் மாற்றம் ஏறக்குறைய 78 மீட்டர் குறைவதிலிருந்து 158 மீட்டர் கூடுவதுவரை பரவியிருக்கலாம். பராமரிப்புத் திட்டமோ ஏழாம் நம்பர் கட்டிலில் இருக்கும் ஒருவருக்கானது. பயிற்சியைத் தொடங்க அந்தச் சராசரி காரணம் தருகிறது. அவருக்குப் பலிக்கிறதா என்பதை அவரை நடக்கவைத்துத்தான் பார்க்கவேண்டும். திட்டத்தின் கடைசிப் படி அதற்காகவே இருக்கிறது.

நுரையீரலும் எண்ணும் சேர்ந்து பராமரிப்பை மாற்றியது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம், இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது, வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் இருந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. 1959-இல் வந்த முடிவுகள் வீட்டுச் சிகிச்சைக்கு வழிவிட்டன.

எழுதும் முறை பற்றி ஒன்று. எல்லைகளுக்கு நடுவே கோடு போடாதீர்கள். கீழ் எல்லை கழித்தல் எண்ணாக இருந்தால் ‘-5-12’ என்று நின்று, படிப்பவர் திண்டாடுவார். ‘ஒப்பீட்டு அபாயம் 0.42 (95% நம்பிக்கை எல்லைகள்: 0.20 முதல் 0.89 வரை)’ என்று முழுசாக எழுதுங்கள். 95 என்பதை விடக்கூடாது. 99 என்றால் 1.96-க்குப் பதில் 2.58 வரும், எல்லைகள் இன்னும் விலகும்.