415 டன் இரும்பைக் கையால் திறந்த பாம்பன் பாலம்

"பாம்பன் புதுப் பாலத்தை மோட்டார் தூக்குகிறது, சரி. பழைய பாலத்தை ஆட்களே கையால் சுற்றித் திறந்தார்களாமே, அது எப்படி முடிந்தது?" பரமக்குடியிலிருந்து ஒரு பள்ளி மாணவி கேட்டிருக்கிறார். அந்தப் பாலத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடத்தையே கேட்டுவிட்டார்.

1914 பிப்ரவரி 24-ல் திறந்த பாலம் அது. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே கடலில் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி வரை வந்து, கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போன காலம். ரயிலுக்குப் பாதை போட்டால் கப்பலுக்கு வழி அடைபடும் என்பதால், நடுவில் மட்டும் பிளந்து திறக்கும் தூக்குப் பாலத்தை வைத்தார்கள். வடிவமைப்பு அமெரிக்காவின் சிகாகோ நகரத்து ஷெர்சர் நிறுவனத்துடையது. முறையைக் கண்டுபிடித்த வில்லியம் ஷெர்சர் 1893-லேயே இறந்துவிட்டார். சிகாகோவில் அவருடைய முதல் பாலம் எழும்பியதைக்கூட அவர் பார்க்கவில்லை.

தூக்குப் பாலத்தில், நடுவில் பிரிந்து மேலெழும் இரண்டு கைகள். ஒவ்வொன்றும் 415 டன். இவ்வளவு எடையைத் தூக்க எவ்வளவு பலம் வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அந்த எடையை யாருமே தூக்கவில்லை.

கையின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். அங்கே கீல் கிடையாது. வட்டத்தின் ஒரு துண்டைப் போல வளைந்த பெரிய இரும்பு அமைப்பு, தட்டையான இரும்புப் பாதையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கப்பல் போகும் வழிப் பக்கம் நீளமான பாலம், பின் பக்கம் எதிர்எடை. எல்லாம் சேர்ந்த ஈர்ப்பு மையம், அந்த வளைவு எந்த வட்டத்தின் துண்டோ அதன் மையத்தில் வந்து விழும்படி எதிர்எடையைக் கணக்குப் போட்டு வைப்பார்கள். சூட்சுமம் முழுக்க இங்கேதான். மாட்டு வண்டிச் சக்கரம் சமதரையில் உருளும்போது அச்சு முன்னே நகருமே தவிர மேலேயோ கீழேயோ போவதில்லை. இங்கும் அதே கதை. கை பின்னோக்கி உருள்கிறது, முனை வானத்தைப் பார்த்து எழுகிறது, எதிர்எடை இறங்குகிறது. ஈர்ப்பு மையமோ அதே உயரத்தில் பின்னால் நகர்கிறது. உயரம் மாறவில்லை என்றால் நிலையாற்றலும் மாறாது. புவியீர்ப்பை எதிர்த்துச் செய்ய வேண்டிய வேலை ஏறக்குறைய பூஜ்யம்!

மிச்சமிருப்பது உராய்வும் காற்றும்தான். உருளும் உராய்வு வழுக்கும் உராய்வைவிட மிகக் குறைவு என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அதைச் சமாளிக்க, நீண்ட கம்பிகளைத் தள்ளிச் சுற்றும் சில தொழிலாளர்களும் வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்கும் பல்சக்கரங்களும் போதும். இன்னொரு லாபமும் உண்டு: கை எழும்போதே பின்னால் விலகுவதால் கப்பலுக்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது. உருளும்போது வழுக்கிவிடாமல் இருக்க, பாதையில் பற்களும் வளைவில் அவை பொருந்தும் குழிகளும் வைப்பார்கள்.

இந்தச் சமநிலை நுட்பமானது. இத்தகைய பாலங்களில் பெயிண்ட் பூச்சு பூச்சாக ஏறினால்கூட எதிர்எடையைச் சரிபார்க்க வேண்டிவரும். 2007-ல் மீட்டர் கேஜ் அகலப் பாதையாக மாறியபோது அதே பாலத்தை வலுப்படுத்தி ஓட்டியதை நான் பெரிய பொறியியல் சாதனையாகவே பார்க்கிறேன்.

காற்று வேறு விஷயம். பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டியபோதெல்லாம் சிக்னல் சிவப்பாகி ரயில் நின்றுவிட்டது. 1964 டிசம்பர் புயல் பாலத்தின் 126 கண்களை அடித்துச் சென்றது. தூக்குப் பாலம் தப்பியது. கடலில் விழுந்த கர்டர்களை (இரும்பு உத்திரங்களை) மீட்டு, ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்கள்.

2022 டிசம்பரோடு பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி கிடைநிலையிலேயே 17 மீட்டர் உயர்கிறது. அங்கும் கோபுரங்களில் எதிர்எடைகள் தொங்குகின்றன, அதனால் மோட்டாருக்குச் சுமை குறைவு.

பழையதை இரும்பு விலைக்குப் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. கரையில் ஒரு கையையாவது இயங்கும் நிலையில் நிறுத்தி, பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றிப் பார்க்க விட வேண்டும். அறிவியல் கண்காட்சிகளுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போகட்டும்.