மேண்டேட்டரி ஆக்சஸ் கன்ட்ரோல்: கட்டாயம் எதற்கு?

கணினியில் யார், எந்த நிரல் எதைத் தொடலாம் என்பதை மேலிருந்து விதித்துவிடும் பாதுகாப்பு முறைதான் மேண்டேட்டரி ஆக்சஸ் கன்ட்ரோல். தமிழில் இதைக் 'கட்டாய அணுகல் கட்டுப்பாடு' என்று எழுதுகிறார்கள். வேகமாகப் படிப்பவர் கண்ணில் முதல் இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டு 'கட்டாய அணுகல்' ஆகிவிடும். வலுக்கட்டாயமாக நுழைவதைத் தடுக்கும் ஏதோ ஏற்பாடு என்று நினைத்துக்கொள்வார். மூலச்சொல்லில் கட்டாயம் அணுகலுக்கு இல்லை, கட்டுப்பாட்டுக்கு.

லினக்ஸில் வழக்கமாக ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்பதை அதை உடையவரே தீர்மானிப்பார். கோப்பின் அனுமதியை மாற்றும் கட்டளை சிஎச்மாட்; சிஎச்மாட் 777 என்று தட்டினால் ஊருக்கே திறந்த வீடு. இது டிஸ்கிரிஷனரி வகை, அதாவது உடையவர் விருப்பப்படி. மேண்டேட்டரி வகையில் உடையவர் பேச்சு மட்டும் போதாது, அமைப்பு முழுவதற்கும் எழுதிவைத்த விதியும் ஒப்ப வேண்டும். மதுரைக்காரர்களுக்கு இது பழகியதுதான்: 2018 முதல் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது. கைப்பேசி நம்முடையதுதான், அது பற்றி வாசலில் யாரும் தகராறு செய்வதில்லை. உள்ளே மட்டும் விடமாட்டார்கள். கணினியில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனருக்கும் இதே கதிதான். விதியின் வரம்புக்குள் ஓடும் சேவை (பின்னணியில் இயங்கும் நிரல்) ரூட்டாகவே ஓடினாலும், விதியில் இல்லாத கோப்பைத் தொட முடியாது.

மேண்டேட்டரியின் வேர் 'மாண்டேட்டம்' என்ற லத்தீன் சொல். பொருள்: கட்டளை. கை, கொடு என்ற இரண்டும் சேர்ந்து பிறந்தது, அதாவது ஒருவர் கையில் ஒப்படைத்த பணி. ஆக்சஸும் லத்தீன்தான், 'கிட்டப் போதல்' என்று பொருள். அணுகல் அதற்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது, அதை மாற்ற வேண்டியதில்லை. ராணுவ ரகசியக் கோப்புகளுக்காக 1973-இல் டேவிட் பெல்லும் லியோனார்ட் லபடூலாவும் வகுத்த கணித மாதிரி இந்தக் கருத்துக்கு அடித்தளம். 1983-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 'ஆரஞ்சுப் புத்தகம்' டிஸ்கிரிஷனரி, மேண்டேட்டரி என்ற இணையைத் தரவரையறையாக்கியது. லினக்ஸில் இந்த முறையைச் செயல்படுத்தும் எஸ்இலினக்ஸை அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை 2000-இல் வெளியிட்டது; 2003-இல் அது லினக்ஸ் 2.6 கருவகத்தோடு (கெர்னல்) சேர்ந்தது. உபுண்டுவில் இருக்கும், இதே வேலை செய்யும் ஆப்ஆர்மர் 2010-இல் கருவகத்தின் 2.6.36-இல் வந்தது.

வேர்ப்பொருளைப் பார்த்தால் 'கட்டளை'தான் முதலில் தோன்றும். கோயில் வழக்கில் கட்டளை என்றால் அறக்கொடை. இந்த நிலத்தின் வருமானம் இந்தப் பூசைக்கு என்று எழுதிவைத்துவிட்டால், நடத்துபவர் தம் விருப்பத்துக்கு வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது. கருத்து கச்சிதம். ஆனால் கணினித் தமிழில் கமாண்டுக்குக் கட்டளை என்று எப்போதோ பட்டா போட்டாகிவிட்டது. 'கட்டளை அணுகல்' என்றால் கட்டளைவரியோடு குழம்பும்.

எங்கள் பரிந்துரை 'விதிவழி அணுகல் கட்டுப்பாடு'. அதன் இணையான டிஸ்கிரிஷனரி வகைக்கு 'விருப்புரிமை அணுகல் கட்டுப்பாடு'; ஆட்சியரின் விருப்புரிமை நிதி என்று செய்தித்தாளில் படித்துப் பழகிய சொல்தான். இந்த விதிகளின் தொகுதியை ஆங்கிலத்தில் பாலிசி என்பார்கள்; அதைக் கொள்கை என்பது இங்கே ஒட்டாது. கொள்கை கட்சிக்கு இருக்கும். இங்கே இருப்பது விதித்தொகுப்பு. ஒரு சேவையை விதிக்குள் அடைப்பதைச் சொல்லும் கன்ஃபைன் என்பதற்கு லத்தீன் வேர் 'எல்லை', ஆகவே வரம்பிடுதல். மேலூர் வயற்காட்டில் வரப்பு என்று சொல்வதும் இதே சொல்தான்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் சர்வரில் எஸ்இலினக்ஸ் ஓடுகிறது என்று வையுங்கள். விலைப்பட்டியல் பக்கத்தை வீட்டு அடைவில் தயாரித்து, எம்வி (நகர்த்தும் கட்டளை) போட்டு, வலைப்பக்கங்களை வழங்கும் அப்பாச்சியின் அடைவுக்கு நகர்த்துகிறார்கள். உலாவியில் 403, அதாவது அனுமதி மறுப்பு. கோப்பின் அனுமதி 644, அதாவது எல்லோரும் படிக்கலாம், எல்லாம் சரி. சிஎச்மாட் 777 அடித்தாலும் அதே 403. எஸ்இலினக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முகச்சீட்டு (லேபிள்) ஒட்டிவைக்கும். அதைக் காட்டும் எல்எஸ் -இசட் போட்டால் விஷயம் தெரியும்: கோப்பின் சீட்டு இன்னும் வீட்டு அடைவுக்குரிய 'யூசர்_ஹோம்_டி'. எம்வி பழைய சீட்டையும் சேர்த்துத் தூக்கிவரும். நகலெடுக்கும் சிபி என்றால் புது இடத்தின் சீட்டு கிடைத்திருக்கும். 'எச்டிடிபிடி_டி' என்ற சீட்டோடு ஓடும் அப்பாச்சிக்கு வீட்டுக் கோப்பைப் படிக்க விதியில்லை. அப்பாச்சியின் அடைவின் மீது, இடத்துக்குரிய சீட்டை ஒட்டும் ரீஸ்டோர்கான் -ஆர்வி கட்டளையை ஓட்டினால் சீட்டு மாறும், பக்கம் வரும்.

பலரும் செய்வது வேறு: எஸ்இலினக்ஸின் தடுப்பை நிறுத்திவைக்கும் செட்என்ஃபோர்ஸ் 0. மொத்தக் காவலையும் அனுப்பிவிட்டுக் கதவைத் திறப்பது. கணினியை மறுமுறை இயக்கினால் காவல் திரும்பிவரும், 403-உம் வரும். மறுப்புப் பதிவுகளைப் பார்த்து அனுமதி விதி எழுதித் தரும் ஆடிட்2அலோவின் விதியைப் படிக்காமல் ஏற்றுவதும் கிட்டத்தட்ட இதே கதைதான். வீட்டு அடைவு முழுவதையும் அப்பாச்சிக்குத் திறந்துவிட நேரும்.

ஆப்ஆர்மரில் சீட்டு கிடையாது, கோப்பின் பாதையைப் பார்த்தே முடிவு. அதனால் அங்கே தகராறு வேறு மாதிரி: மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தின் தரவை வேறு டிஸ்குக்கு மாற்றினால், புதுப் பாதை அதன் விதிக்கோப்பில் இல்லாததால் சேவை எழும்பாது. பாதையைச் சேர்த்து விதியை மறுபடி ஏற்ற வேண்டும்.

மறுப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஒரு குறிப்பு. எஸ்இலினக்ஸில் விருப்புரிமைச் சோதனை முதலில், விதிவழிச் சோதனை அடுத்து. முதலாவதிலேயே மறுத்துவிட்டால் இரண்டாவது வாசல்வரை விஷயம் போகாது. ஆடிட் பதிவேட்டில் ஏவிசி வரியே (எஸ்இலினக்ஸ் மறுப்பைக் குறிக்கும் வரி) விழாது. வரி இல்லாவிட்டால் முதலில் சிஎச்மாட், உடையவரை மாற்றும் சிஎச்ஓன் பக்கம் பாருங்கள்.